பட்டறைப் பூமி – 14: திங்கட்கிழமை நாற்றம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டியவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து வரும் காலை எப்படி இருக்கும் என்று தெரியும். ஷட்டரைத் தூக்கியதும் அழுகிய முட்டை வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். புதிதாகச் சேர்ந்த ஹெல்பர் பையன் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று ஸ்கிராப் மூட்டைகளை நகர்த்தித் தேடுவான். ஃபோர்மேன் தேட மாட்டார். மெஷினுக்கு அடியில் இருக்கும் கூலன்ட் தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு பம்பைப் போடுவார். முதலில் வாடை இன்னும் தூக்கலாகத்தான் வரும். கூலன்ட் ஓட ஓட, காற்றுப் பட்டு, மெல்ல அடங்கும்.

உலகெங்கும் மெஷின் ஷாப்களில் இதற்குத் 'திங்கட்கிழமை நாற்றம்' என்றே பெயர்.

லேத்திலும் மில்லிங் மெஷினிலும் இரும்பைக் கடையும்போது கட்டிங் டூல் கடுமையாகச் சூடேறும். சூட்டைத் தணிக்கவும் வழுக்கல் கொடுக்கவும் ஊற்றுகிற திரவம்தான் கூலன்ட். கனிம எண்ணெயோடு எமல்சிஃபயர் சேர்த்து, ஒரு பங்குக்கு ஏறக்குறைய இருபது பங்கு தண்ணீர் விட்டுக் கலப்பார்கள். பட்டறைப் பேச்சில் அது 'சொல்யூபிள் ஆயில்'. பார்வைக்குப் பால் போல இருக்கும். எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து தண்ணீரில் நிற்பதால், எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு இதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. வேலை நாட்களில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்; தொட்டிக்குள் காற்று கலந்துகொண்டே இருக்கும். சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனை வைத்துக்கொண்டு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். வெளியே யாருக்கும் தெரியாது. பம்பு நின்றதும் நிலைமை மாறுகிறது. மெஷினிலிருந்து ஒழுகிய ஹைட்ராலிக் ஆயில் மேலே படலமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். உள்ளே மிச்சமிருந்த ஆக்சிஜனை சூடோமோனாஸே காலி செய்துவிடும். அதன் பிறகு, ஆக்சிஜன் இருந்தவரை ஒடுங்கிக் கிடந்த இன்னொரு கூட்டம் கிளம்பும். இவை சுவாசத்துக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைப் பயன்படுத்துபவை. இவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த முட்டை வாடை.

முதலாளிக்கு இது நஷ்டக் கணக்கு. கூலன்ட் பிரிந்துபோகும், வேலைப்பாகம் துருப்பிடிக்கும், டூல் சீக்கிரம் மழுங்கும். ஆகவே தொட்டியில் கிருமிக்கொல்லி ஊற்றுவார்கள். அதே பாக்டீரியாவை, அதே எண்ணெயைத் தின்னச் சொல்லி, வேறு இடங்களில் காசு கொடுத்து வாங்கித் தூவுகிறார்கள் என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

சென்ற இதழ் 1964-ல் எஸ்டேட் பிறந்ததோடு நின்றது. கிண்டியில் 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டைக்குப் பிறகு, அதைவிடப் பல மடங்கு பெரிதாக, ஆயிரம் ஏக்கரைத் தாண்டிய பரப்பில் அம்பத்தூர் எழுந்தது. அதற்கு முன்பே 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது, டன்லப் டயர் ஆலை வந்துவிட்டது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசை கட்டி வந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு போல்ட்டும் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்க 'ஜாப் ஒர்க்' பட்டறைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. கிழக்கே மணலியில் 1969-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஓடத் தொடங்கியபின், எண்ணெய்க்கும் பஞ்சமில்லை.

ஒரு சாதாரண பட்டறையில் எத்தனை வகை எண்ணெய் புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கட்டிங் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கியர் ஆயில். ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர்களிடம் பழுத்த இரும்பை முக்குகிற குவென்ச்சிங் ஆயில். 2008-க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வாட்டிய வருஷங்களில் ஜெனரேட்டருக்கு டீசல். பூந்தமல்லிப் பக்கம் லாரி ஷெட்டுகளில் இன்ஜின் ஆயில்.

இத்தனை எண்ணெயும் போனது எங்கே? ஒரு பகுதிக்கு நல்ல கிராக்கி உண்டு. 'வேஸ்ட் ஆயில்' வாங்க டிரம்மோடு ஆள் வருவார். கட்டட வேலையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவது இதைத்தான். கரையான் அரிக்காமல் இருக்க மரக்கம்பத்தின் அடியில் தடவுவதும் இதைத்தான். அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அபாயகரக் கழிவு விதிகள் சொல்கின்றன. சென்ட்ரிங் மேஸ்திரிக்கு அந்த விதி தெரிய நியாயமில்லை.

மிச்சம் மண்ணுக்குப் போனது. யாரும் டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டியிருக்க வேண்டியதில்லை. லேத்தில் கடைந்து விழுந்த இரும்புச் சுருளைக் கொல்லைப்புறத்தில் குவித்து வைத்தாலே போதும். ஸ்கிராப் லாரி வரும்வரை சுருளில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைத் தூவி, பெருக்கி, அதையும் பின்பக்கமே தள்ளுவார்கள். கை துடைத்த பனியன் வேஸ்ட்டும் அங்கேதான் சேரும். முப்பது நாற்பது வருஷம் ஓடிய பட்டறையின் பின்புறத்தைப் பார்த்தால், மண் கறுத்து, இறுகி, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி ஓடும். ஓரத்தில் அறுகம்புல்கூட முளைத்திருக்காது. பழைய கறைகளில் ஈயமும் உண்டு. 1995 வரை சென்னையில் விற்ற பெட்ரோல் முழுக்க ஈயம் கலந்தது. அந்தக் காலத்து இன்ஜின் ஆயில் வடிந்த இடமெல்லாம் அந்த ஈயம் இறங்கியிருக்கிறது.

இந்தக் கறுத்த மண்ணிலும் உயிர் இருக்கிறது. ஒரு கிராம் எடுத்து, தண்ணீரில் கலக்கி, டீசலைத் தவிர வேறு எந்தக் கரிச்சத்தும் இல்லாத உப்புக் கரைசலில் விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், சில நாளில் தெளிந்த கரைசல் கலங்கிவிடும். மேலே மிதந்த டீசல் படலம் உடைந்து துளித்துளியாகும். கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் மாணவர்கள் செய்கிற சோதனைதான் இது. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ரோடோகாக்கஸ், கோர்டோனியா, பேசில்லஸ் என்று வழக்கமான பெயர்கள் வரும். இவற்றில் சில, சோப்பு போன்ற பொருளைத் தாங்களே சுரந்து எண்ணெயை உடைத்துக்கொள்ளும்.

பெட்ரோலையே பார்த்திராத மண்ணிலும் இவை குறைந்த அளவில் இருக்கின்றன என்பதுதான் விசேஷம். செடிகொடிகளின் இலைமேல் பளபளக்கும் மெழுகுப் பூச்சில் நீண்ட கரிச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. டீசலிலும் பாரஃபின் மெழுகிலும் இருக்கும் ஆல்கேன்களுக்கு அவை நெருங்கிய உறவு. சருகு விழுந்து மக்கும் இடமெல்லாம் அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாவும் இருந்தாக வேண்டும். அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்திலேயே, லேத்து வருவதற்கு வெகுமுன்பே, இந்த வேலைக்கான ஆட்கள் அந்த மண்ணில் குடியிருந்தார்கள்.

அவற்றின் வேலை முறை எளிமையானது. ஆனால் அதற்கு விலை உண்டு. ஆல்கேன் சங்கிலி ஒன்றின் நுனியில் ஒரு ஆக்சிஜன் அணுவைச் செருகுவதுதான் முதல் படி. அது நடந்துவிட்டால் சங்கிலி ஆல்கஹாலாகி, பிறகு கொழுப்பு அமிலமாகிவிடும். கொழுப்பை எப்படிச் செரிப்பது என்று கிட்டத்தட்ட எல்லா உயிர்களுக்கும் தெரியும். இரண்டிரண்டு கரியாக வெட்டித் தின்றுவிடும். பென்சீன், நாஃப்தலீன் போன்ற வளையங்களுக்கு முதல் அடியே கடினம். அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்களை ஒருசேரப் புகுத்தி, பிறகு வளையத்தை உடைக்க வேண்டும். இந்த ஆக்சிஜன் காற்றிலிருந்து நேராக மூலக்கூறுக்குள் போகிறது என்பதை 1955-ல் ஜப்பானிய உயிர்வேதியியலாளர் ஒசாமு ஹயாயிஷி நிரூபித்தார். இந்தச் செருகலும், பின்னால் வரும் சுவாசமும் சேர்ந்து, ஒரு கிராம் எண்ணெயை முழுக்கத் தின்ன மூன்று கிராமுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கின்றன. இறுகிய மண்ணில் அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்?

அடுத்தது நைட்ரஜனும் பாஸ்பரஸும். எண்ணெயில் கரி ஏராளம். உடம்பு வளர்க்கத் தேவையான மற்ற இரண்டும் அதில் கிட்டத்தட்ட இல்லை. நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது களத்தில் புழங்கும் விகிதம். எண்ணெய் கொட்டிய மண்ணில் பாக்டீரியா பட்டினி கிடப்பது பெரும்பாலும் உரத்துக்காகத்தான். சென்னை வெயிலின் சூடு அவற்றுக்குப் பிடித்த சூடு. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் மட்டும் வேலை நின்றுவிடும்.

கூலன்ட் தொட்டிக்குள் இருப்பது யார் என்று முதலில் முறையாகத் தேடியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரைஸ் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த லீ, சாண்ட்லர் என்ற இருவர். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு என்பது அதற்கு முன்பே தெரியும். 1913-ல் ஹாலந்தின் சோங்கென் பெட்ரோலியத்திலும் பாரஃபினிலும் பாக்டீரியா வளர்த்துக் காட்டியிருந்தார். லீயும் சாண்ட்லரும் பட்டறைக்குள் வந்தார்கள். இதில் ஆசா சாண்ட்லர் ஓர் ஒட்டுண்ணி நிபுணர்; 1920-களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்துகொண்டு இந்தியாவில் கொக்கிப்புழு எங்கெங்கே பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தவர். கொக்கிப்புழு தேடியவர் கடைசியில் கூலன்ட் தொட்டியில் கை வைத்தார். 1941-ல் இருவரும் கட்டிங் ஆயிலிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியாவுக்கு 'சூடோமோனாஸ் ஓலியோவோரன்ஸ்', அதாவது எண்ணெய் தின்னி, என்று பெயர் சூட்டினார்கள். அவர்கள் நோக்கம் அதை ஒழிப்பது.

அந்தப் பெயர் பிறகு வேறு திசையில் பயணப்பட்டது. 1963-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைனர் கூன் குழுவினர், பெட்ரோலில் இருக்கும் ஆக்டேனைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை வைத்து அந்தச் செரிமான நொதிகளை அலசினார்கள். அதையும் ஓலியோவோரன்ஸ் என்றே அழைத்தார்கள். பின்னாளில் அது சூடோமோனாஸ் புட்டிடா என்று திருத்தப்பட்டது. ஆக்டேன் தின்னும் திறமை அதன் முக்கிய டி.என்.ஏ.வில் இல்லை, பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருக்கிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் குன்சாலஸ் ஆய்வகத்தில் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவில் ஒரு வங்காள இளைஞர் இருந்தார்.

ஆனந்த மோகன் சக்ரவர்த்தி 1938-ல் வங்கத்தின் சாயிந்தியாவில் பிறந்தவர். 1965-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனார். பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பது தெரிந்த விஷயம். ஆக்டேன் தின்னும் வளையம், கற்பூரம் தின்னும் வளையம், நாஃப்தலீன் தின்னும் வளையம் எல்லாவற்றையும் ஒரே பாக்டீரியாவில் குடிவைத்தால், கச்சா எண்ணெயின் பல பாகங்களை அது ஒன்றே தின்றுவிடாதா? ஷெனக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து முடித்து, 1972 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜீனை வெட்டி ஒட்டும் இன்றைய உத்தி அல்ல அது. பாக்டீரியாக்களுக்குள் இயற்கையாக நடக்கும் கொடுக்கல் வாங்கலைத் திட்டமிட்டுச் செய்ததுதான்.

காப்புரிமை அலுவலகம் செய்முறைக்குச் சரி என்றது. எண்ணெய்மேல் மிதக்கவிட வைக்கோலில் ஏற்றிய பாக்டீரியாவுக்கும் சரி என்றது. பாக்டீரியாவுக்கே காப்புரிமையா, உயிருள்ள பொருளுக்கா என்று அங்கே நின்றுவிட்டது. வழக்கு எட்டு வருஷம் படியேறி, 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சக்ரவர்த்தி பக்கம் முடிந்தது. உயிரித் தொழில்நுட்பத் தொழிலே அந்தத் தீர்ப்பின் மேல்தான் எழுந்தது என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள். 2007-ல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 2020 ஜூலையில் காலமானார்.

அந்தப் பாக்டீரியா? எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவில்லை. மாற்றியமைத்த உயிரைத் திறந்தவெளியில் விட ஒப்புதல் கிடைப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. எண்ணெய்க் கழிவைத் தின்ன மரபணு மாற்றிய ஒரு பாக்டீரியாவை முதன்முதலில் மண்ணில் விட்டுப் பார்த்தது 1996-ல், டென்னசியின் ஓக் ரிட்ஜில். அதுவும் மண் நிரப்பிய பெரிய உருளைத் தொட்டிகளுக்குள், நாஃப்தலீனைத் தின்னும்போது ஒளிரும்படி அமைத்த பாக்டீரியா. ஆராய்ச்சிக்கு விட்டார்களே தவிர, சுத்தம் செய்ய அல்ல.

இந்த வரலாற்றில் பெரிய பெயர் சக்ரவர்த்திக்கு. களத்தில் உருப்படியாக நடந்த வேலைக்கு வேறொருவரைத்தான் சொல்ல வேண்டும்: சன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வாளர் ரிச்சர்ட் ரேமண்ட். சக்ரவர்த்தி விண்ணப்பித்த அதே 1972-ல் பென்சில்வேனியாவின் ஆம்ப்லர் ஊரில் குழாய் உடைந்து பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. மிதந்த பெட்ரோலை முடிந்தவரை உறிஞ்சி எடுத்தபின், ரேமண்ட் குழுவினர் வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவும் கொண்டுவரவில்லை. கிணறுகள் வழியே காற்றை அழுத்தினார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளைக் கரைத்து இறக்கினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்கள் பெருகி வேலையை எடுத்துக்கொண்டன. 1974-ல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. எந்த உச்ச நீதிமன்றமும் தேவைப்படவில்லை, பத்திரிகைகளும் எழுதவில்லை.

அதையே கடற்கரையில் பெரிய அளவில் பார்த்தது அலாஸ்காவில். 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி 4 கோடி லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையில் உரம் தெளித்தார்கள். சோதனைக்கு உரமிட்ட கட்டங்கள் இரண்டு வாரத்தில் வெளுத்துத் தெரிந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2001-ல் மீண்டும் தோண்டிப் பார்த்தபோது பல கரைகளின் அடிமண்ணில் எண்ணெய் அப்படியே இருந்தது. மேலே காற்றோட்டமான கூழாங்கல்; கீழே தண்ணீர் நகராத, ஆக்சிஜன் எட்டாத அடுக்கு. பாக்டீரியா இருந்தும் தின்ன வழியில்லை.

இந்தியாவில் இந்த வேலையைக் கையிலெடுத்தது 'டெரி' ஆய்வு நிறுவனம். பன்வாரி லால் தலைமையில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு, நாட்டின் எண்ணெய் படிந்த பல இடங்களிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து, ஒன்றின் மிச்சத்தை இன்னொன்று தின்னும்படி ஒரு கூட்டாகச் சேர்த்தார்கள். 'ஆயில்ஜாப்பர்' என்பது பெயர். மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்து, அதில் பாக்டீரியாவை ஏற்றி, மூட்டையாகக் களத்துக்கு அனுப்புவார்கள். சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சேற்றுக் குழிகளில் பயன்பட்டது. 2007-ல் ஓ.என்.ஜி.சி.யோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கம்பெனி பிறந்தது.

களத்தில் செய்வது என்னவோ விவசாயம்தான். எண்ணெய்ச் சேற்றை நல்ல மண்ணோடு கலந்து, அடியில் கசியாத விரிப்பு போட்ட பாத்தியில் பரப்புகிறார்கள். பாக்டீரியாப் பொடி தூவுகிறார்கள். உரம் போட்டு, தண்ணீர் தெளித்து, டிராக்டரை விட்டு உழுகிறார்கள். திரும்பத் திரும்ப உழுவதுதான் முக்கியம். காற்று அப்படித்தான் உள்ளே போகிறது. மாதக் கணக்கில் இது நடக்கும். பொடிக்குத்தான் விளம்பரம், வேலையில் பெரும்பங்கு உழவுக்கு.

சென்னை இதை நேரில் பார்த்தது 2017-ல். ஜனவரி 28 விடிகாலை எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. முதலில் ஒன்றும் பெரிதாகக் கொட்டவில்லை என்றார்கள். சில நாளில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் தொழிலாளர்களும் தார் போன்ற கசடை பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அள்ளியதை எங்கே போடுவது என்ற கேள்விக்குத்தான் பாக்டீரியா வந்தது. துறைமுக வளாகத்தில் குழி அமைத்து, இந்தியன் ஆயில் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த பாக்டீரியாக் கலவையைக் கொண்டு கசடைச் சுத்திகரிக்க ஏற்பாடு நடந்தது. கொட்டிய ஃபர்னஸ் ஆயில் கனமானது. அதில் இருக்கும் அஸ்ஃபால்ட்டீன் பாகத்தை எந்தப் பாக்டீரியாவும் லேசில் தொடாது. டீசல் என்றால் வேகமாகப் போயிருக்கும்.

நிலத்துக்கு அடியில் நடந்தது தண்டையார்பேட்டையில். 2013-ல் அங்கே தெருவாசிகளின் அடிபம்பிலும் போர்வெல்லிலும் எரிபொருள் வாடையோடு தண்ணீர் வந்தது. துறைமுகத்திலிருந்து வந்த பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவு அதற்குக் காரணம் என்று தெரியவந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, காட்டுக்குப்பத்துப் படகுகளையும் வலைகளையும் கூழைக்கடாக்களையும் நனைத்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடல் பாக்டீரியாக்களைக் கோதுமைத் தவிட்டில் ஏற்றிச் சோதித்திருக்கிறது; வெறுமனே விட்ட பாக்டீரியாவைவிடத் தவிட்டில் ஏற்றியது நன்றாகவே எண்ணெயைத் தின்றது.

இவையெல்லாம் வடசென்னை. ஒரே நாளில் கொட்டினால் கேமரா வருகிறது, தீர்ப்பாயம் வருகிறது, பாக்டீரியா மூட்டை வருகிறது. மேற்கே அறுபது வருஷமாகச் சொட்டியதற்கு யாரும் வரவில்லை.

வந்தவர்கள் குடியிருப்புவாசிகள்தான். அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி என்று சங்கிலித் தொடராக இருக்கும் ஏரிகளில், எஸ்டேட் பக்கமிருந்தும் பட்டரவாக்கத்திலிருந்தும் வரும் கால்வாய் நீரை வாங்குவது கொரட்டூர் ஏரி. மழை பிடித்தால் கறுப்புத் தண்ணீர் இறங்குகிறது என்று அங்குள்ள ஏரிப் பாதுகாப்பு இயக்கத்தினர் வருஷக் கணக்கில் மனுக் கொடுத்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வருவதால், ஏரி அடியில் படியும் சேற்றில் சாக்கடையை மக்கவைக்கவே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. எண்ணெயின் பங்குக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்படிப்பட்ட ஏரியில் பாக்டீரியாப் பொடியைத் தூவினால் பணம்தான் கரையும். வரத்தை நிறுத்தாமல் தின்னச் சொல்வது வீண் வேலை.

நிலத்தில் வேறொரு அவசரம். எஸ்டேட்டில் பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக இடிந்து ஐ.டி. கட்டடங்களும் கிடங்குகளும் எழுகின்றன. அடித்தளம் தோண்டும்போது வரும் மண் லாரி லோடாக இன்னொரு மனையை மேடாக்கப் போகிறது. இங்கே 'சாயில் டெஸ்ட்' என்றால் கட்டடத்தை மண் தாங்குமா என்று பார்ப்பது மட்டும்தான். அந்த மண்ணில் எண்ணெய் எத்தனை, ஈயம் எத்தனை என்று கேட்பவர் அபூர்வம். நகர்த்துவதற்கு முன் ஆறு மாதம் பாத்தி கட்டி உழுதால் எண்ணெயில் பெரும்பகுதி போய்விடும். சென்னைச் சூடு அதற்குத் தோதானது. ஆனால் அம்பத்தூரில் ஒரு கிரவுண்டை ஆறு மாதம் சும்மா போட்டுவைக்கிற பில்டர் யார்?

சட்டம் இப்போதுதான் எட்டிப் பார்த்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை நிர்வகிக்கத் தனி விதிகளை அறிவித்தது. கடலில் கொட்டிய எண்ணெய்க்கு அவை பொருந்தாது. எண்ணூர்க் கடல் வேறு சட்டங்களின் கீழ்தான். பழைய பட்டறை நிலங்களுக்குப் பொருந்த வழியிருக்கிறது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியல் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும். அவர் இல்லாமல் போனாலோ, கொடுக்க முடியாமல் போனாலோ, மத்திய மாநில அரசுகள் பார்த்துக்கொள்ளும்.

மூடி இருபது வருஷமான, இரண்டு கை மாறிவிட்ட ஷெட்டின் பின்புறத்துக்கு மாசுபடுத்தியவர் என்று யாரைக் காட்டுவது என்பது வாரிய அதிகாரிகளுக்குச் சீக்கிரமே வரப்போகும் தலைவலி. அதைவிடப் பெரிய தலைவலி, அதே மண்ணில் எண்ணெயோடு சேர்ந்து கிடக்கும் உலோகங்கள். முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியமும் நிக்கலும் அளவுக்கு மிஞ்சினால் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். எந்தப் பாக்டீரியாவாலும் அவற்றைத் தின்று தீர்க்கவும் முடியாது. அந்த முலாம் பட்டறைகளின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)